மடியில் ஒளித்த டியூப்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு எங்கள் கார் வாசலில் வந்து நின்றது. பின்னாலேயே ஒரு கூப்பாடும் வந்தது.

"ஏப்பா, வண்டிக்கு அடியில என்னமோ சொட்டுது பாரு! பீடி பத்த வைக்கப் போனேன்... நல்ல வேளை! தெருவே பெட்ரோலா நாறுது!"

எதிர்வீட்டுப் பாண்டி அண்ணன்தான். ஒரு கையில் தீப்பெட்டி. இன்னொரு கையில் பற்ற வைக்காத பீடி. இரண்டையும் பார்த்ததும் வண்டியை நோக்கி ஓடினேன்.

காரை ஓட்டி வந்தது என் மனைவி ஈஸ்வரி. பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு அவளை நன்றாகவே தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன் – ஈஸ்வரி ஏலக்காய் வியாபாரி. வாரம் ஒரு தடவை சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறுவாள். காய் வாங்கி வந்து, தரம் பிரித்து, மதுரைக் கடைகளுக்கு அனுப்புவாள். காருக்கு இருபத்தைந்து வயது. மூட்டை ஏற்றி ஏற்றி அதன் சீட், மேட், ஸ்டியரிங் எல்லாமே ஏலக்காய் மணக்கும்.

குனிந்து பார்த்தேன். இன்ஜினுக்கு அடியில் சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல். பதினெட்டு கொண்டை ஊசி வளைவு... கொதிக்கிற இன்ஜின்... பக்கத்திலேயே ஒழுகுகிற பெட்ரோல். இதை வைத்துக்கொண்டா இவள் இறங்கி வந்தாள்?

பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். ஆண்கள் பலருக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

"ரெண்டு மணி நேரம் ஓட்டி வந்திருக்க. பெட்ரோல் வாசம்கூடவா தெரியல? எங்கன வச்சிருந்த உன் கவனத்தை?"

ஈஸ்வரி பதில் சொல்லவில்லை. மூட்டையை இறக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வழக்கமாக நான் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்கிறவள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. மெக்கானிக் வர மாட்டார். சரி, நாமே பார்ப்போம் என்று இறங்கினேன். பாண்டி அண்ணனும் நானும் காரை வேப்பமரத்தடிக்குத் தள்ளினோம். பேட்டரி வயரைக் கழற்றினேன். செல்போனை வீட்டுக்குள் வைத்தேன். பக்கத்தில் ஒரு வாளி மணல். இன்ஜின் சூடு ஆறட்டும் என்று ஒரு மணி நேரம் காத்திருந்தேன். பாண்டி அண்ணனின் தீப்பெட்டியை வாங்கி என் வீட்டு ஜன்னலில் வைத்துவிட்டேன். அவர் முகம் வாடியதைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

பானெட்டைத் திறந்து துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்ததில் இடம் அகப்பட்டது. பெட்ரோல் ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகிற ஒரு முழம் டியூப். கிளாம்ப் போட்ட இடத்தில் வாய் பிளந்திருந்தது. லேசாக வளைத்தேன். காய்ந்த முருங்கைக்குச்சி மாதிரி படக்கென்று உடைந்தது.

உடைந்ததைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அது பெட்ரோல் டியூப்பே இல்லை. சொட்டுநீர்ப் பாசன டியூப். திராட்சைத் தோட்டத்தில் கொடியின் வேருக்குத் தண்ணீர் விடுவார்களே, அது.

அதை மாட்டிய அறிவாளி யார் தெரியுமா? நான்தான்.

தை மாதம் ஓடைப்பட்டியில் மச்சினன் தோட்டத்துக்குப் போயிருந்தபோது பழைய டியூப்பில் லேசாகக் கசிந்தது. அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்தில் கறுப்பு டியூப் சுருள் சுருளாகக் கிடந்தது. அளவு பார்த்தேன், கச்சிதம். "மாமா, அது தண்ணிக்குள்ளது" என்று மச்சினன் சொன்னான். "தண்ணி போனா பெட்ரோல் போகாதா?" என்று கேட்டேன். நான்கு நாளில் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். எங்கள் ஊர்ப்பக்கம் அந்த டியூப்பால் ஆகாத காரியம் இல்லை. கொடி கட்டுவோம், மாடு கட்டுவோம், கிழிந்த கட்டிலுக்குக்கூடச் சுற்றுவோம். அந்தத் துணிச்சல்தான்.

போன மாதமே ஈஸ்வரி சொன்னாள், "பெட்ரோல் சீக்கிரம் தீருதுங்க" என்று. "மலை ரோடு. அப்படித்தான் குடிக்கும்" என்று சொல்லி வாயை அடைத்தேன்.

இப்போது என்ன செய்வது? காலையில்தான் தெருவே கேட்கக் கத்தியிருக்கிறேன். அவள் வருகிற காலடிச் சத்தம் கேட்டது. சட்டென்று டியூப்பைச் சுருட்டி லுங்கி மடியில் செருகிக்கொண்டேன்.

"நான் ஏதாச்சும் பிடிக்கவா?" என்றாள்.

"இந்தப் பாட்டிலைப் பிடி. மிச்சப் பெட்ரோலை இறக்கணும்."

குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாட்டிலைப் பிடித்தாள். ஃபில்டரைக் கழற்றினேன். கொட கொடவென்று பெட்ரோல் இறங்கியது. நெடி தாங்காமல் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இருமல் வந்தது. பாண்டி அண்ணன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவர் வீட்டுக்கே போய்விட்டார்.

ஈஸ்வரி மட்டும் அசையவில்லை. அவள் மூக்குக்கு நேர் கீழே பாட்டில். கண்ணில் நீர் கோத்திருக்கிறது. ஆனால் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. சும்மா வேடிக்கை பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஈஸ்வரி... உனக்கு வாசம் வரல?"

பாட்டிலைக் கீழே வைத்தாள். மூடியைத் தேடி எடுத்து இறுக்கி மூடினாள்.

"வரலைங்க."

"சளி பிடிச்சிருக்கா?"

"எட்டு மாசமா வரல. அந்தக் காய்ச்சல் வந்துச்சுல்ல... அதுல போச்சு. இன்னும் திரும்பல."

எட்டு மாதம். ஒரே வீடு, ஒரே அடுப்படி. எனக்குத் தெரியாது.

"ஏன் சொல்லல?"

"சொன்னா? ஏலக்காய்க்காரிக்கு மூக்குப் போச்சுன்னா யாரு சரக்குக் கொடுப்பாக? யாரு வாங்குவாக? நிறத்தைப் பார்த்து, குலுக்கிப் பார்த்து ஓட்டிக்கிட்டு இருக்கேன். வாயில போட்டா நாக்குல குளுகுளுன்னு வரும்ல, அது மட்டும் தெரியுது. இன்னைக்கு வர்ற வழியெல்லாம் கண்ணு எரிஞ்சுச்சு. வெயில்னு நினைச்சேன்."

எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது, மூன்று மாதத்துக்கு முன்னால் இதே பக்கத்தில் நான் எழுதிய ஒரு பத்தி. ஒரே வாரத்தில் மூன்று தடவை பால் அடிப்பிடித்ததையும், பக்கத்திலேயே நின்றுகொண்டு என் மனைவி போன் பேசிக்கொண்டிருந்ததையும் வைத்துக் கேலியாக எழுதியிருந்தேன். நீங்களெல்லாம் ரசித்துக் கடிதம் போட்டீர்கள். அதைப் படித்துவிட்டு அவளும் சிரித்தாள். "நல்லா எழுதிருக்கீங்க" என்றாள்.

எப்படிச் சிரித்தாள்? அந்தப் பத்திக்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உங்கள் முன்னாலும் கேட்கிறேன்.

அவ்வளவையும் அவள் சொன்ன பிறகு நான் மட்டும் மடியில் ஒளித்து வைத்திருப்பதா? தவிர, பெட்ரோலில் ஊறிய டியூப் இடுப்பில் காந்த ஆரம்பித்துவிட்டது. உருவி எடுத்து நீட்டினேன்.

ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டாள். "இது... எங்க தம்பி தோட்டத்து டியூப்புல்ல?"

"ஆமா. நான்தான் மாட்டினேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டட்டும் என்றுகூட இருந்தது. அவள் என் இடுப்பைப் பார்த்தாள். பட்டையாகச் சிவந்திருந்தது.

"போய் முதல்ல சோப்புப் போட்டுக் கழுவுங்க. புண்ணாயிரும்" என்றாள்.

கழுவிவிட்டு இரண்டு பேரும் ஸ்கூட்டரில், ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கிற ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனோம். அளவுக்காக அந்தத் துண்டைக் காட்டியதும் கடைக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "சார், எந்தக் கிறுக்கன் இதை மாட்டினது?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஈஸ்வரி முந்திக்கொண்டாள். "முந்தி ஒரு மெக்கானிக் இருந்தாருங்க. அவரு மாட்டிட்டாரு."

பெட்ரோலுக்கென்றே செய்த டியூப், புது கிளாம்ப் இரண்டு. மாட்டுவதற்கு இருபது நிமிஷம்தான் ஆனது. இன்ஜினை ஓடவிட்டு, டியூப் நெடுகக் காய்ந்த விரலால் தடவிப் பார்த்தேன். ஈரமில்லை. கீழே விரித்த பேப்பரிலும் சொட்டு இல்லை.

"எனக்காக ஒரு தடவை மோந்து பாருங்க" என்றாள்.

குனிந்து முகர்ந்தேன். "வாசம் இல்ல."

"எனக்கும்தான்" என்றாள். முதலில் அவள் சிரித்தாள். அப்புறம்தான் நான் சிரித்தேன்.

தேனியில் ஒரு டாக்டரைப் பார்த்தோம். தினமும் காலையில் நான்கு வாசனைகளை நினைவுபடுத்தி நினைவுபடுத்தி முகரச் சொல்லியிருக்கிறார். மோப்பம் திரும்பலாம், நாளாகும் என்றார். எலுமிச்சை, கிராம்பு, காப்பித்தூள், ஏலக்காய். கண்ணை மூடிக்கொண்டு முகர்கிறாள். "எப்படி இருக்கும்னு சொல்லுங்க" என்று என்னிடம் கேட்கிறாள். இத்தனை வருஷமாக எழுதிப் பிழைக்கிறேன்... காப்பித்தூள் வாசம் எப்படி இருக்கும் என்று ஒரு வரி சொல்ல வரவில்லை.

இந்த வாரம் நானும் மேகமலைக்குப் போனேன். காய் விற்கிற பெரியவரிடம் ஈஸ்வரியே சொல்லிவிட்டாள். "அய்யா, எனக்கு இப்ப வாசம் தெரியல. இவுக மோந்து சொல்லுவாக." அவர் மூட்டையை அவிழ்த்து, "அதுக்கென்ன ஆத்தா, கண்ணும் கையும் இருக்குல்ல" என்றார். நான் முகர்ந்துவிட்டு, "ஏலக்காய் வாசம் வருது" என்றேன். இரண்டு பேரும் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

இறங்கி வரும்போது கேட்டேன், "இதையெல்லாம் எழுதட்டுமா? மதுரைக் கடைக்காரங்களும் படிப்பாக."

வளைவைத் திருப்பி முடித்துவிட்டுச் சொன்னாள்:

"எழுதுங்க. எத்தனை நாளைக்கு மறைக்க? ஆனா அந்த மெக்கானிக் பேரையும் போட்டிரணும்."

போட்டாயிற்று – இந்தப் பக்கத்தின் உச்சியில், என் போட்டோவுக்குக் கீழே பாருங்கள்.