வெளிமாநிலத் தொடர்பு

நான் ஒருமுறைகூடத் திறந்து பார்த்திராத ஒரு ஃபிரிட்ஜின் கதவில் என் பெயரும் செல்பேசி எண்ணும் ஒட்டப்பட்டிருக்கின்றன. நான் இருப்பது டெக்சாஸில், ரவுண்ட் ராக்கில். ஃபிரிட்ஜ் இருப்பது கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்டில். கல்லூரி விடுதியில் என் அறைத்தோழியாக இருந்த சாந்தியின் வீடு அது. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை கூப்பிட்டு, "ஏய் வித்யா, எங்க எமர்ஜென்சி கார்டுல அவுட் ஆஃப் ஸ்டேட் கான்டாக்ட்னு உன் பேரப் போட்டிருக்கேன், ஓகேவா?" என்றாள். எதற்கென்று கேட்காமலேயே சரி என்றேன். இந்த நாட்டில் எந்தப் படிவத்தை எடுத்தாலும் கடைசியில் யாராவது ஒருவர் பெயரைக் கேட்பார்கள். அக்கம்பக்கத்தில் அத்தை, சித்தப்பா இல்லாத நாம் ஒருவர் பெயரை ஒருவர் எழுதிக்கொள்கிறோம்.

பிறகுதான் விளக்கினாள். பெரிய நிலநடுக்கம் வந்தால் உள்ளூரில் எல்லாரும் ஒரே நேரத்தில் போனை எடுப்பார்கள், இணைப்பு அடைத்துக்கொள்ளும். பக்கத்துத் தெருவுக்குக் கிடைக்காத அழைப்பு தூரத்து மாநிலத்துக்குக் கிடைத்துவிடலாம். அதனால் வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியாக அந்தத் தூரத்து ஆளிடம் தான் நலம் என்று சொல்ல வேண்டும். அவர் மற்றவர்களுக்குச் சொல்வார். அவர்கள் தெருவில் டாம் என்ற ஓய்வுபெற்ற தபால்காரர் கூட்டம் போட்டு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தாராம். சாந்தியின் கணவன் பாஸ்கர் அந்தக் கார்டை லேமினேட் செய்து தன் பர்ஸில் ஒன்று, மகள் நிலாவின் பள்ளிப் பையில் ஒன்று என்று வைத்திருந்தான்.

"ஆடுற நிலம்னு தெரிஞ்சே வீடு வாங்கியிருக்கீங்க, அதுக்கு ஒரு கார்டு வேற" என்று கிண்டல் செய்தேன்.

"உங்க ஊர்ல டொர்னேடோ வருதுல்ல? நீ என்ன வச்சிருக்க?" என்று கேட்டாள். என் வீட்டில் ஒரு டார்ச்கூட இல்லை.

நாங்கள் இருவரும் சென்னையில் வேலை பார்த்தபோது ஒரு நாள் மேசை மேலிருந்த பாட்டிலில் தண்ணீர் தானாக அசைந்தது. யாரோ "எர்த்க்வேக்" என்றதும் எட்டாவது மாடியிலிருந்து செருப்பை விட்டுவிட்டு ஓடினோம். பழைய மகாபலிபுரம் சாலை முழுக்க அடையாள அட்டை தொங்கும் கழுத்துகள். டீக்கடைக்காரருக்கு அன்று கை ஓயவில்லை. மேலே யாராவது தங்கிவிட்டார்களா என்று எவரும் தலையை எண்ணவில்லை. அரை மணி நேரத்தில் சிரித்துக்கொண்டே லிஃப்டில் ஏறி மேலே போனோம். அடுத்த வாரம் அது யாருக்கும் பேச்சாகக்கூட இல்லை. அந்த மனதோடுதான் நான் சாந்தியின் கார்டையும் பார்த்தேன். வசதியானவர்களின் பயம் என்று நினைத்தேன்.

அது ஒரு வேலைநாள். காலை பதினொன்றே கால் இருக்கும், கலிஃபோர்னியாவில் ஒன்பதே கால். வீட்டிலிருந்தபடி அலுவலகக் கூட்டத்தில் இருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"திஸ் இஸ் டாம். ஐ ஆம் செக்கிங் இன்" என்றது வயதான ஒரு குரல்.

செக்கின் என்றால் எனக்கு ஹோட்டல்தான். இது ஹோட்டல் இல்லை, எண் தவறு என்று சொன்னேன். "நோ, மேம். ஐ ஆம் ஓகே. ஐ ஆம் ஓகே" என்றார். யார் இவர், இவர் நலத்தை நான் எப்போது கேட்டேன்? ஏமாற்று அழைப்பு என்று துண்டித்துவிட்டேன். உடனே மறுபடி அடித்தது. இம்முறை அவர் நிதானமாக, ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். தான் சாந்தியின் பக்கத்து வீடு, கூட்டம் போட்ட அந்தத் தபால்காரர். தனக்கு வெளிமாநிலத்தில் இருந்த ஒரே தங்கையும் இறந்துவிட்டதால் சாந்தியிடம் கேட்டு என் எண்ணையே தன் ஃபிரிட்ஜிலும் ஒட்டிக்கொண்டாராம். சற்றுமுன் நிலம் ஆடியது. மிகப் பெரிதாக ஆடியது.

அப்போது தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தாராம். "தெரு எழுந்து என்னை நோக்கி வந்தது" என்றார். அலைபோல தார் ரோடு உயர்ந்து, அதன் மேல் நிறுத்தியிருந்த கார்கள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினவாம். ஐம்பது வருடமாக அந்த ஊரில் இருக்கிறவர். அவர் குரலில் பயத்தைவிட வேறொன்று இருந்தது. கோவிலில் கதவு திறந்து தீபாராதனை காட்டும்போது கூட்டம் சட்டென்று அடங்குமே, அப்படி ஓர் அடக்கம்.

அலுவலகக் கூட்டத்திலிருந்து வெளியே வந்தேன். கிடைத்த ஒரு தாளில் டாம், சாந்தி, பாஸ்கர், நிலா என்று எழுதி, டாம் பெயருக்கு எதிரே நேரத்தைக் குறித்தேன். சாந்தியை அழைத்தால் மணிகூட அடிக்கவில்லை. டிவியில் முகப்பு சரிந்த கடைகளும், செங்கல் கொட்டிக் கிடந்த நடைபாதையும் வரத் தொடங்கின.

இருபது நிமிடம் கழித்து சாந்தியின் குறுஞ்செய்தி: "நான் ஓகே. பாலம் மூடிட்டாங்க, இந்தப் பக்கமே மாட்டிக்கிட்டேன். நிலா? பாஸ்கர்?" அவள் வேலை செய்யும் ஆய்வகம் வளைகுடாவின் எதிர்க்கரையில் இருக்கிறது. பதில் எழுதிக்கொண்டிருக்கும்போதே நிலாவின் பள்ளியிலிருந்து ஆசிரியை அழைத்தார். குழந்தைகள் அனைவரும் மைதானத்தில் பத்திரமாக இருப்பதாகச் சொல்லிவிட்டு நிலாவிடம் கொடுத்தார்.

"ஹாய் ஆன்ட்டி. ஐ ஆம் ஃபைன்." பத்து வயதுக் குரல் கொஞ்சம் மூச்சு வாங்கியது.

"அம்மா நல்லா இருக்காங்கடா கண்ணு. இப்பதான் மெசேஜ் பண்ணாங்க."

"டிட் அப்பா கால்?"

பாஸ்கர் அந்த நேரத்தில் எங்கே இருப்பான் என்று எனக்குத் தெரியும். சான் ஃபிரான்சிஸ்கோ போகும் ரயிலில். அந்த ரயில் வளைகுடாவின் அடியில், கடலுக்குக் கீழே சுரங்கத்தில் போகிறது. பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அந்தப் பிள்ளை மேசைக்கடியில் புகுந்து தலையைக் காத்துக்கொள்ளப் பழகிய பிள்ளை. என்னைவிட அவளுக்கு அதிகம் தெரியும்.

"இன்னும் பண்ணலடா. பண்ணினதும் ஸ்கூலுக்குத்தான் முதல்ல போன் பண்ணுவேன்."

"ஓகே" என்றாள். பிறகு, "யூ வில் ரைட் இட் டவுன், ரைட்?" என்று கேட்டாள். எழுதிக்கொள்வேன் என்றேன்.

நிலா பத்திரம் என்று சாந்திக்கு எழுதிவிட்டு டாமுக்குச் சொன்னேன். பள்ளியில் நிலாவை அழைத்துப் போகக்கூடியவர்கள் பட்டியலில் தன் பெயரும் இருப்பதாகச் சொல்லிவிட்டு, கார் எடுக்காமல் நடந்தே கிளம்பினார். போகிற வழியில் வாயு கசிகிறதா என்று வீடு வீடாக மோந்து பார்த்துக்கொண்டே போனதாகப் பிறகு சொன்னார்கள்.

அதன்பின் இரண்டு மணி நேரம். ஜன்னலுக்கு வெளியே டெக்சாஸ் வெயிலில் எதிர்வீட்டுக்காரர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். தபால் வண்டி வந்து போனது. சாந்தி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு கேள்விக்குறி அனுப்பினாள். நானும் ஒவ்வொரு முறையும் "இன்னும் இல்ல" என்று எழுதினேன். அதை எழுதுவதுதான் அன்று நான் செய்ததிலேயே கடினமான வேலை.

இரண்டு மணிக்குச் சற்று முன், நியூ ஜெர்சி எண் ஒன்றிலிருந்து அழைப்பு.

"வித்யா, பாஸ்கர் பேசறேன். என் போன் உடைஞ்சிடுச்சு. கார்டப் பார்த்து அடிக்கிறேன். இது யாரோ ஒருத்தர் போன்."

அவன் பேசிக்கொண்டே போனான். ரயில் குலுங்கி நின்றது. விளக்கு போய் மங்கலாக வந்தது. ஓட்டுநர் சொன்னதும் எல்லாரும் பக்கவாட்டு நடைவழியில் இறங்கி வரிசையாக நடந்தார்கள். "மேல மொத்தக் கடலும் இருக்கு, கீழ நாங்க நடக்கிறோம். யாரும் கத்தல, யாரும் தள்ளல. முன்னாடி போறவங்க 'படி இருக்கு'ன்னு சொல்வாங்க, அதக் கடைசி ஆள் வரைக்கும் ஒவ்வொருத்தரா சொல்லிக்கிட்டே போவாங்க. வீல்சேர்ல வந்த அம்மாவ மாத்தி மாத்தி தூக்கினோம். வெளிய வந்து வானத்தப் பார்த்ததும் முதல்ல பக்கத்துல இருந்தவர்கிட்ட போன் கேட்டேன்."

பள்ளிக்கு முதலில் போன் செய்தேன்; நிலா டாமோடு அங்கேயே காத்திருந்தாள். பிறகு சாந்திக்கு. தாளில் பாஸ்கர் பெயருக்கு எதிரே நேரத்தைக் குறித்தேன்.

எல்லா வீடுகளிலும் அப்படி முடியவில்லை என்று மாலைக்குள் தெரிந்தது. நம் வாட்ஸாப் குழுக்கள் எல்லாம் திடீரென்று விழித்துக்கொண்டன. பத்து வருடமாக அங்கே இருப்பவர்கள் கேஸ் வால்வ் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். நாட்டின் மறுகோடியில், நியூ ஜெர்சியின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து ஒருவர், கடையில் குடிநீர்க் கேன்கள் தீர்ந்துவிட்டதாகப் படம் அனுப்பினார். ஆடாத ஊரில் எதற்கு என்று ஒருவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. டார்ச் வாங்கப் போயிருந்தேன்.

ஏழரை மணிக்கு முடிச்சூரிலிருந்து அப்பா கூப்பிட்டார். அங்கே விடிந்து நியூஸ் பார்த்திருக்கிறார்.

"உங்க பக்கம் பூமி ஆடுச்சாமே?"

"இங்க இல்லப்பா. அது ரொம்ப தூரம். மெட்ராஸ்லேருந்து டெல்லி மாதிரி."

"அப்ப ஏன் உன் குரல் இப்படி இருக்கு?"

சொன்னேன், காலையிலிருந்து நடந்த எல்லாவற்றையும். குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், "வெள்ளத்துல நானும் அம்மாவும் ரெண்டு நாள் மொட்டமாடில இருந்தோமே, அப்ப நீயும் இப்படித்தான் உக்காந்திருந்தியா?" என்றார்.

சென்னை வெள்ளத்தை அப்பா எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். படியில் ஏறிய தண்ணீர், படகில் வந்தவர்கள் வீசிய பிஸ்கட் பாக்கெட். அந்த இரண்டு நாளும் நான் எங்கே இருந்தேன் என்று அவர் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

"ஆமாப்பா. அப்ப யாருமே கூப்பிடல."

அவர் பக்கத்தில் பால்காரரின் சைக்கிள் மணி கேட்டது. என் பக்கத்தில் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது.

"இனிமே ஏதாவது ஆச்சுன்னா நாங்க யாரக் கூப்பிடணும்?" என்று கேட்டார்.

"என்னத்தான்ப்பா. நான் தூரத்துல இருக்கேன்ல."

அவர் சரி என்றார். என் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னேன். பிறகு காலையில் நான்கு பெயர்களை எழுதிய என் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் அப்பா, அம்மா என்று எழுதி, எதிரே நேரத்துக்கு இடம் விட்டு வைத்தேன்.