நவமியன்று வைத்த பொட்டு

கை கழுவாமல் பக்கத்தில் வந்து நின்றால் நான் கடித்துக் குதறிவிடுவேன் என்று கம்பெனியில் ஒரு பேச்சு இருந்தது. பொய்யில்லை. இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள் அவை. கல்கத்தாவில் ஃபைபர் கேபிள் இணைத்துக் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தேன். வங்கி, கல்லூரி, சால்ட் லேக்கில் முளைத்துக்கொண்டிருந்த புது அலுவலகங்கள் என்று இடத்துக்கு இடம் வேலை மாறும். ஒரு இடத்தில் கேபிள் சாக்கடை ஓரமாக வரும், இன்னொரு இடத்தில் கூரைப் பலகைக்கு மேலே எலிகளோடு வரும். எங்கே போனாலும் மாறாதது ஒன்றுதான். தலைமுடி மாதிரி ஒரு கண்ணாடி இழைக்குள் வெளிச்சம் போகவேண்டும், அதன் நுனியில் ஒரு தூசி உட்கார்ந்தாலும் வேலை கெட்டது.

என்னோடு ஜோடியாக வேலை செய்தவன் வங்காளி, என் வயதுக்காரன். இழைகளை உருக்கி ஒட்டுவது அவன் வேலை. ஒட்டியது சரியா என்று அளந்து சொல்வது என் வேலை. அவன் கை அப்படி ஒரு கை! ஆனால் தெருவண்டியில் விற்கும் ஜால்முடி என்ற காரப்பொரி தின்ற விரலோடு வந்து நிற்பான். நான் கத்துவேன். அவன் சிரித்துக்கொண்டே, "சரி தீதி" என்று, ஒரே வயதானாலும் என்னை அக்காவாக்கி, கழுவப் போவான். மூன்று வருஷமாகத் தற்காலிக ஆள். துர்கா பூஜை முடிந்த மறுநாள் சால்ட் லேக்கில் ஒரு வேலை இருந்தது, எதிரெதிரே இருந்த இரண்டு கட்டடங்களை இணைப்பது. அது குறையில்லாமல் முடிந்தால் அவனை நிரந்தரமாக்குவதாக எங்கள் மேலாளர் சொல்லியிருந்தார்.  அந்த மாதம் முழுக்க அவன் ஜால்முடி வண்டிப் பக்கம் போகவில்லை.

துர்கா பூஜைக்கு ஆபீஸைப் பூட்டிவிடுவார்கள். விலையுயர்ந்த சாமான்களை அங்கே விட்டுவைக்கப் பயந்து, டாக்குரியாவில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அவனுடைய ஒட்டும் மெஷின், என் மீட்டர், சோதனைக்கு நான் வைத்திருந்த மஞ்சள் கயிறு எல்லாம் ஒரே பெட்டியில் இருந்தன. கயிறு என்றால் இரண்டு முனையிலும் பிளக்கும் அதற்கொரு குட்டி மூடியும் உள்ள ஃபைபர் துண்டு. நவமியன்று ஊரே பந்தலில் இருக்கும்போது எங்கள் வீட்டில் ஆயுத பூஜை. அப்பாவின் ஸ்கூட்டர், அம்மாவின் தையல் மெஷின், அரிவாள்மனை, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். நான் சாமி கும்பிட்டதோடு சரி, பந்தல் பார்க்க கரியாஹாட்டுக்கு ஓடிவிட்டேன்.

தசமிக்கு மறுநாள் அவன் வேலைக்கு வந்தபோது காதோரத்தில் சிவப்பு ஒட்டியிருந்தது. முந்தைய நாள் அம்மனை வழியனுப்பும்போது பெண்கள் ஒருவருக்கொருவர் சிந்தூர் பூசி விளையாடுவார்களே, அதில் அவனுடைய அண்ணி அவனையும் விடவில்லையாம். இரண்டு தடவை கழுவ அனுப்பினேன்.

அவன் ஒட்டி முடித்ததும் என் கயிற்றைச் செருகி அளந்தேன். பாதி வெளிச்சம்கூட மறுபக்கம் வரவில்லை. உன் ஒட்டுதான் சரியில்லை என்றேன், மேலாளரை வைத்துக்கொண்டே. அவன் எதிர்த்துப் பேசாமல் அறுத்து மறுபடி ஒட்டினான். அதே அளவு. மூன்றாம் தடவை ஒட்டுமுன் விரல்களை இரண்டு தரம் துடைத்துக்கொண்டான். அப்போதும் என் வாய் ஓயவில்லை. கடைசியில் தயங்கித் தயங்கி, உங்கள் கயிற்றையும் ஒருதரம் பார்க்கலாமா என்றான். என் கயிற்றையா! செருகுமுன் நுனியைப் பார்க்கவேண்டும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள், அன்று மூடி போட்டிருந்த தைரியத்தில் பார்க்காமலே செருகியிருந்தேன்.

அவன் கைமைக்ராஸ்கோப்பை நுனியில் வைத்துப் பார்த்தான். முகம் விழுந்துவிட்டது. மேலாளர் வாங்கிப் பார்த்தார். சிந்தூர் என்றார், அவன் காதைப் பார்த்தார். பாவம், அவனும் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தன் கைதான் பட்டிருக்கும் என்று அவனே சொன்னான். ஸ்பிரிட் தாளால் நுனிகளைத் துடைத்ததும் அளவு சரியாகிவிட்டது. ஆனால் தாளில் சிவப்போடு கொஞ்சம் சந்தனமும் இருந்தது. சிந்தூரில் ஏது சந்தனம்? எனக்குச் சுருக்கென்றது. தாளை மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். நிரந்தரமாக்கும் பேச்சை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று மேலாளர் சொன்னபோதும் நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அம்மாவை உண்டு இல்லை என்று பண்ணிவிடும் ஆத்திரத்தோடு வீட்டுக்குப் போனேன். பெட்டிக்குப் பொட்டு வைத்தாயா என்று கேட்ட உடனே அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அந்த மஞ்சக் கயிறு மூடிக்கிட்டு இருந்தா அது முகத்துல எப்படிடி பொட்டு வைக்கிறது? மூடியைக் கழட்டி வச்சேன். அப்புறம் முந்தானையால துடைச்சு மூடிட்டேன், நீ கத்துவேன்னு. அந்தப் பையனுக்கு இந்தத் தடவையாவது வேலை நிரந்தரமாகணும்னு சேத்து வேண்டிக்கிட்டேன்."

வாய் வரைக்கும் வந்த கத்தல் அப்படியே நின்றுவிட்டது. 

மறுநாள் காலையில் மேலாளர் மேஜைமேல் அந்தத் தாளை விரித்துவைத்தேன். அவனையும் கூப்பிட்டு, அழுக்கு என் அம்மா ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு, பார்க்காமல் செருகியது நான், திட்டியதும் நான், என்னை மன்னித்துவிடு என்றேன். அதுவரை நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. மேலாளர் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். அவன் தாளை முகர்ந்து பார்த்தான். சந்தன வாசனை போகவில்லை தீதி என்று மட்டும் சொன்னான்.

காளி பூஜைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூஜை முடிந்து பெரியவர்களைக் கும்பிடும் பிஜோயா வழக்கப்படி, சந்தேஷ் இனிப்பு டப்பாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். அம்மாவின் காலைத் தொட்டு, வேலை நிரந்தரமாகிவிட்டது மாஷிமா என்றான்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "பாத்தியா? நான் வச்ச பொட்டு!"

நான் அவனைப் பார்த்தேன். அந்தப் பொட்டு செய்த வேலையைச் சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். அவன் தலையை ஆட்டி, ஆமாம் மாஷிமா, உங்கள் பொட்டுதான் என்றான்.

அதற்கப்புறம் ஒவ்வொரு நவமிக்கும் அவனே மெஷினை எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைப்பான். கயிறுகளை மட்டும் முதல்நாளே எடுத்து என் பீரோவில் பூட்டிவிடுவேன். அம்மா போய்ச்சேரும் வரைக்கும் அவளுக்கு இது தெரியாது.