செங்கம்மாவின் மூன்று ஏக்கர்

நகரிக்குத் தெற்கே மேலப்பட்டு என்ற கிராமத்தில் ஒரே ஒரு நிலத்தைப் பார்த்து மட்டும் ஊரே சிரிக்கும். அது செங்கம்மாவின் நிலம். மூன்று ஏக்கருக்குள் அரை ஏக்கர் கரும்பு, பெரும்பங்கு வேர்க்கடலை, அதற்குள் ஏழு உழவுச் சாலுக்கு ஒரு சால் துவரை, கிணற்றை ஒட்டிக் கேழ்வரகு, வரப்போரம் ஆமணக்கு, மேட்டில் சாமந்தி.

"நெலமா இது? கல்யாண எலை மாதிரி கீது" என்பாள் பக்கத்து நிலத்து ரத்னம்மா. "எல்லாம் ஒரு பிடி. எதுவும் வயிறு நெறையாது."

"வெறும் சோறு மட்டும் போட்ட எலைன்னா நீ எழுந்து போயிடுவியேடி" என்பாள் செங்கம்மா.

நிலம் ஆதிநாராயணனுடையது. செங்கம்மாவின் பெற்றோர் அதே மண்ணில் கூலிக்குக் களை எடுத்தவர்கள். அந்தக் குடும்பத்தில் குத்தகைக்கு நிலம் பிடித்த முதல் ஆட்கள் அவளும் அவள் கணவன் துலுக்காணமும்தான். அதனால் வரப்பில் நடக்கும்போது அவள் முதுகு எப்போதும் கொஞ்சம் நிமிர்ந்தே இருக்கும்.

ஊரின் கேலியில் நியாயம் இல்லாமலும் இல்லை. மற்றவர்கள் நிலம் முழுக்கக் கரும்பு வைத்து, வெல்லம் காய்ச்சி, திருத்தணிச் சந்தைக்கு வண்டி கட்டினார்கள். மூன்றே வருடத்தில் ரத்னம்மா வீட்டில் ஓடு ஏறிவிட்டது. செங்கம்மா வீட்டுக் கூரையில் அதே பனையோலைதான்.

அது எல்லைப் பேச்சு சூடாக இருந்த சமயம். ஆந்திரா பிரிந்ததிலிருந்தே மேலப்பட்டுக்காரர்கள் தாங்கள் மதராஸ் பக்கம் போய்விடுவோம் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். செங்கம்மாவும் ஊர்வலத்தில் தொண்டை கட்டும்வரை கத்தியவள்தான். எல்லைக் கோடு நகரிக்கு வடக்கே விழும், திருத்தணி நம்மை விட்டு எங்கும் போகாது என்று ஆதிநாராயணன் கையில் அடித்துச் சொன்னார்.

ஐம்பத்தொன்பதாம் வருடம் மாசி மாதம், புத்தூரிலிருந்து, விவசாய யோசனை சொல்லும் சர்க்கார் ஊழியரான கிராம சேவக் வந்து சாவடியில் கூட்டம் போட்டார். ஐந்தாண்டுத் திட்டத்தைப் பற்றித் தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார். "வெள்ளக்காரன் காலத்துல பருத்திய அனுப்பிட்டு, துணிய வாங்கிக்கினோம். இப்ப நம்ம தேசம் இரும்பு செய்யுது, அணை கட்டுது, மிசின் செய்யுது. ஒண்ணு படுத்தா இன்னொண்ணு தூக்கி நிறுத்தும்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

பிறகு ஆதிநாராயணன் எழுந்தார். "இந்த வருசம் ஊரு முச்சூடும் கரும்புதான். என் குத்தகைக்காரங்களும் அப்படியே வெக்கணும்."

பெண்கள் பக்கத்திலிருந்து செங்கம்மாவின் குரல் வந்தது. "தேசத்துக்கு ஒரு நியாயம், எங்க மூணு ஏக்கராவுக்கு ஒரு நியாயமா, அய்யா?"

சாவடியே சிரித்தது. கிராம சேவக் மட்டும் சிரிக்காமல் அவளைத் திரும்பிப் பார்த்தார். ஆதிநாராயணன் முகம் கறுத்துப்போனது. முழுக்கக் கரும்பு வை, இல்லையென்றால் நிலத்தை விடு என்று மறுநாளே ஆள் அனுப்பிவிட்டார்.

துலுக்காணம் பயந்துபோனான். "அவரு சொல்றத வெச்சுட்டாதான் இன்னா? நெலம் போச்சுன்னா மறுபடியும் கூலிதான்டி."

"கோடு எங்க வுழும்னு யாருக்குத் தெரியும்? எங்க வுழுந்தாலும் துன்னணுமேயா!"

அவளே ஆதிநாராயணன் வீட்டு வாசலுக்குப் போனாள். "ஒரே ஒரு வருசம் வுடுங்க, அய்யா. அடுத்த வருசம் சித்திரை கடைசில வந்து என் நெலத்தைப் பாருங்க. நான் செஞ்சது தப்புன்னா, என் மம்பட்டிய இதே வாசல்ல வெச்சுட்டுப் போயிடறேன்."

"மம்பட்டிய இப்பவே தேய்ச்சு வையி" என்றார் அவர்.

மறு வருடம் ஏப்ரலில் கோடு விழுந்தது. திருத்தணி மதராஸுக்குப் போனது. நகரியும் மேலப்பட்டும் ஆந்திராவிலேயே நின்றன. நேற்றுவரை சந்தைக்குப் போன அதே பாதையில் புதிதாக ஒரு செக்போஸ்ட். வெல்லம் கோட்டைத் தாண்ட அனுமதிக் காகிதம் கேட்டார்கள். அதை யார் தருவார்கள் என்றே ஊருக்குத் தெரியாது. மூன்று நாள் வண்டிகள் வரிசையில் நின்றன. மூன்றாம் நாள் கோடை மழை அடித்து ஊற்றியது.

வண்டிகள் திரும்பி வந்தபோது பலகை இடுக்கெல்லாம் பாகு ஒழுகியது. பின்னாலேயே எறும்பும் குளவியும் ஊர்வலம் வந்தன. ஆதிநாராயணனின் ஏழு வண்டி வெல்லம் போனது. செங்கம்மாவின் அரை வண்டியும் கரைந்துதான் போனது. அதற்காக அவள் ஒருநாள் முழுக்க அழுதாள். மறுநாள் விடியலில் சாமந்தி பறித்து, ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனில் கூடையை ரயிலேற்றினாள். கோட்டைத் தாண்டாமல் வடக்கே திருச்சானூர் மாலைக் கடைக்குப் போகும் பூவை எந்தச் செக்போஸ்டும் கேட்கவில்லை. கடலை முன்பே புத்தூர் எண்ணெய்ச் செக்குக்குப் போயிருந்தது. குதிரில் கேழ்வரகும் துவரையும் இருந்தன.

கரும்பு வைத்தவர்கள் கையில் காசில்லை; வெட்டியவர்களுக்கு ஊரில் வெல்லம்தான் கூலி. அந்தக் கூலியும் மழையோடு போனது. நாலைந்து நாளில் பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை. முதலில் வந்தவள் ரத்னம்மா. முந்தானைக்குள் முறத்தை மறைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"அக்கா... அந்தக் கல்யாண எலையிலேர்ந்து ஒரு பிடி குடேன்."

செங்கம்மா சிரித்துவிட்டாள். "ஓட்டு வூட்டுக்காரிக்கு ஒரு பிடி பத்துமாடி?" என்று மரக்காலால் அள்ளிக் கொட்டினாள். அன்றிலிருந்து புது விளைச்சல் வரும்வரை அந்தக் குதிரின் வாய் மூடவே இல்லை.

சித்திரை கடைசி நாள். யாரும் கூப்பிடாமலே செங்கம்மா மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆதிநாராயணன் வாசலில் போய் நின்றாள். துலுக்காணம் தெரு முனையோடு நின்றுவிட்டான்.

"நெலத்தைப் பாத்தீங்களா, அய்யா?"

"காலையிலேயே பாத்துட்டு வந்துட்டேன்." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "மம்பட்டிய எதுக்குத் தூக்கிக்கினு வந்த?"

"சொன்ன சொல்லு இருக்குதே."

"எடுத்துக்கினு போ. நெலம் உங்கிட்டயே இருக்கட்டும்."

அவள் நகரவில்லை. "அதுல இன்னா வெக்கறதுன்னு யாரு சொல்றது?"

ஆதிநாராயணன் மேல்துண்டை உதறி மறுபடி தோளில் போட்டார். "நீதான் சொல்லணும்" என்றார். பிறகு குரல் இறங்கியது. "என் நெலத்துக்குத் துவரை ஏழு சாலுக்கு ஒண்ணு விடறதா, எட்டுக்கு ஒண்ணா?"

"மண்ணைப் பாக்காம எப்படிச் சொல்றது? வாங்க."

மேலப்பட்டில் நிலத்துக்காரர் முன்னால் நடப்பார், குத்தகைக்காரர் பின்னால் வருவார். அதுதான் வழக்கம். அன்று வரப்பில் செங்கம்மா முன்னால் போனாள். மம்பட்டி தோளில் இருந்தது. ஏழெட்டு அடி பின்னால், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஆதிநாராயணன் வந்தார். கரும்பு வெட்டிய கட்டாந்தரையில் நின்ற ரத்னம்மா, வாயில் இருந்த வெற்றிலையை மெல்லுவதையும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.