கம்பளி போர்த்திய இன்ஜின்

எங்கள் வீட்டில் அப்போது ஒரே ஒரு கம்பளிதான் இருந்தது. மதுரையில் அதுவே அதிகம். மார்கழி ஒரு மாசம்தான் இங்கே குளிர் என்று ஒன்று எட்டிப் பார்க்கும். விடியற்காலையில் வைகைப் பக்கமிருந்து வந்து கோச்சடைத் தெருக்களில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வெயில் வந்ததும் போய்விடும். அந்த ஒரு மாசத்துக்கென்று வாங்கின கம்பளியை அந்த வருஷம் என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளுக்குப் போர்த்திவிட்டார்.

முழு வண்டிக்குக்கூட இல்லை, இன்ஜினுக்கு மட்டும். வண்டி பழையது. இன்ஜினைப் பிரித்து, சிலிண்டர் துளையைக் குடைந்து புதுசாகப் போர் போட்டு, பெரிய பிஸ்டன் வைத்து, உள்ளே எதையெதையோ அரத்தால் ராவி, வேகத்துக்கென்றே மறுபடி கட்டியிருந்தார்கள். மருந்து ஏஜென்சியில் நாள் முழுக்க பில் போடுகிற மனுஷன் அவர். ஞாயிற்றுக்கிழமை கீழக்குயில்குடி ரோட்டில் கூட்டாளிகளோடு வண்டி விரட்டுவது ஒன்றுதான் அவருக்குச் சந்தோஷம். பொங்கல் கழிந்ததும் எல்லாரையும் முந்திக் காட்டுகிறேன் என்று சவால் விட்டிருந்தார். அதுவரை இன்ஜினை மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டும்.

மெக்கானிக் சொல்லி அனுப்பியதை என்னிடம் தினமும் ஒப்பிப்பார்.

"புது பிஸ்டன் சடார்னு சூடேறிப் பருத்துரும். சுத்தி இருக்குற போரு சாவகாசமாத்தான் சூடேறும். குளிர்ல எடுத்த ஒடனே முறுக்குனோம்னா ரெண்டும் ஒட்டிக்கிரும். பச்ச ஒடம்புடி அது."

பிள்ளை பெற்றவளுக்குச் சொல்கிற வார்த்தையை இரும்புக்குச் சொன்ன ஆளை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

நான் அப்போது டி. கல்லுப்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இருட்டில் எழுந்து, வெந்நீர் போட நேரமில்லாமல் பச்சைத் தண்ணீரில் குளித்து, தயிர்சாதத்தை டப்பாவில் அடைத்துக்கொண்டு, காபிகூடக் குடிக்காமல் இறங்கி ஓட வேண்டும். அவர் வண்டியில் கொண்டுபோய் விட, பழங்காநத்தம் பஸ் ஸ்டாண்டில் ராஜபாளையம் பஸ்ஸைப் பிடித்தால்தான் மணியடிப்பதற்குள் போய்ச் சேரலாம். அதை விட்டால் லேட் மார்க். அந்தக் களைப்பை இப்போது நினைத்தாலும் எனக்குக் கால் கடுக்கிறது.

எனக்கு முன்னால் அவர் எழுந்துவிடுவார். எனக்காக இல்லை. கீழே போய்க் கம்பளியை எடுத்து மடித்து வைத்துவிட்டு வண்டியை உதைப்பார். அந்தச் சத்தத்தில்தான் எனக்குத் தினமும் விழிப்பு வரும். டைம்பீஸ் என்றைக்கோ கெட்டுப்போயிருந்தது. புது இன்ஜினுக்கென்று பெட்ரோலோடு ஆயிலைக் கூடுதலாக ஊற்றியிருப்பார், புகை தெருவையே அடைத்துவிடும். கீழ்வீட்டு அம்மா சௌராஷ்டிரத்தில் திட்டுவார். எனக்கு அந்தப் பாஷை தெரியாது என்றாலும் ஒரு வார்த்தை விடாமல் புரியும்.

நான் குளித்து இறங்கி வரும்போது, அவர் வண்டி பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து இன்ஜினில் உள்ளங்கையை வைத்திருப்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

"ஏங்க, பஸ்ஸு போயிரும்."

"இருடி. இன்னும் சூடாகல."

நான் முந்தானையைக் காதோடு இழுத்து மூடிக்கொண்டு பனியில் நிற்பேன். பிறகு பைபாஸ் ரோட்டில் ஊர்வலம் போவது போல் போவோம். பால்காரர் சைக்கிளில் எங்களை முந்திப் போவார். அந்த மார்கழியில் எத்தனையோ நாள் பஸ்ஸின் பின்பக்கத்தைத்தான் பார்த்தேன். சண்டை போடலாம்தான். சண்டைக்கும் தெம்பு வேண்டுமே.

அரையாண்டு லீவு முடிந்து பள்ளி திறந்ததும் பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டார். வியாழக்கிழமை இன்ஸ்பெக்ஷன்.

"டீச்சர், அன்னைக்கும் லேட்டா வந்தீங்கன்னா ஒங்க பேர நிரந்தரத்துக்கு எழுத மாட்டேன். அப்புறம் என்னையச் சொல்லக் கூடாது."

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். சரி என்று தலையை ஆட்டினார். எனக்கு நம்பிக்கை இல்லை.

வியாழக்கிழமை எதிரில் ஆள் வந்தால் தெரியாத அளவுக்குப் பனி. வண்டி உதைக்க உதைக்க எடுக்கவே இல்லை. ஊற்றின ஆயில் எல்லாம் பிளக்கில் ஏறிவிட்டது. அவர் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டி மறுபடி உதைத்தார். நான் புடவை மடிப்பு கசங்காமல் கைப்பையோடு நின்றேன். ஆட்டோவும் கண்ணில் படவில்லை. வண்டி ஒருவழியாக உறுமியபோது, பஸ் கிளம்புகிற நேரம் கிட்டத்தட்ட வந்துவிட்டது.

அவர் வழக்கம் போலக் கையை இன்ஜின் மேல் கொண்டுபோனார். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார்.

"ஏறு."

"சூடாகலையே."

"ஏறுங்கிறேன்ல."

அப்படி ஒரு வேகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பைபாஸ் ரோடு முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு அவர் சட்டையைப் பிடித்திருந்தேன். பஸ் ஸ்டாண்ட் கண்ணில் படுகிற தூரத்தில் வண்டிக்குள் ஏதோ கிறீச்சிட்டது. பின்சக்கரம் இறுகி இழுத்தது. அவர் சட்டென்று கிளட்சைப் பிடித்து, விழாமல் ஓரம் கட்டினார். இன்ஜின் நின்றுவிட்டது. உதைத்தார். உதைகட்டை அசையவே இல்லை.

"ஒட்டிக்கிருச்சு" என்றார். பிறகு, "நீ ஓடு, பஸ்ஸு நிக்கிது பாரு."

ஓடினேன். ஏறிவிட்டேன். ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தபோது, ரோட்டோரத்தில் குத்தவைத்து இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்ஷன் நல்லபடியாக முடிந்தது. பேரை எழுதி அனுப்புவதாகப் பெரிய டீச்சர் சொன்னார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வண்டி சாக்குகூடப் போர்த்தாமல் சும்மா நின்றது. கோச்சடைவரை தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். கோபமாக ஒரு சொல் இல்லை. பொங்கலுக்குள் சரியாகாது என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. அவரிடம் ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே படுத்தேன், அப்படியே தூங்கிப்போனேன்.

கண்ணைத் திறந்தபோது சுவரில் வெயில் விழுந்திருந்தது. சத்தம் இல்லை, அதனால் விழிப்பும் இல்லை. வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தேன். என்மேல் கம்பளி கிடந்தது. ஒரே பெட்ரோல் நாற்றம்.

"எழுப்பியிருக்கலாம்ல! பஸ்ஸு போயிருச்சு!"

அவர் காபி டம்ளரோடு வந்து நின்றார்.

"ஒருநாள் லேட்டாப் போனா ஒண்ணும் ஆகாது. குளிர்ல எந்திரிச்ச ஒடனே அப்படியே கெளம்பக் கூடாது. அஞ்சு நிமிசம் ஒக்காந்து சூடாகிட்டுப் போ."

நியாயமாக எனக்கு மனசு இளகியிருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. எத்தனை விடியற்காலை அவர் கண்ணெதிரே நடுங்கிக்கொண்டு நின்றிருக்கிறேன். இந்த ஒரு வார்த்தையை என்னிடம் சொல்ல அந்தப் பிஸ்டன் ஒட்ட வேண்டியிருந்தது.

ஆனாலும் உட்கார்ந்தேன். கம்பளியைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு, காபியை மெதுவாகக் குடித்தேன்.