நடுத்திட்டில் நான்கு வெள்ளைப் புள்ளிகள்

இல்லாத ஒரு கட்டிடத்தில் பதினெட்டுக் குடும்பங்களைத் தங்க வைத்திருக்கிறார்கள். ஏசி அறையில் உட்கார்ந்து செயற்கைக்கோள் படம் பார்ப்பவர்கள் செய்த வேலை இது.

நடுத்திட்டு, ஆனைமலைக்குப் பக்கத்தில் ஆழியாற்றின் இரண்டு கிளைகளுக்கு நடுவே இருக்கும் தென்னந்தோப்பு. கோடையில் ஒரு கிளை வறண்டுவிடும், நடந்தே போகலாம். மழை பிடித்தால் தீவு. தோப்புக்காரர் பொள்ளாச்சியில் மாடி வீட்டில் இருக்கிறார். தேங்காய் உரித்து, கொப்பரை காயப்போடும் பதினெட்டுக் குடும்பங்கள் மட்டும் திட்டிலேயே ஓட்டு வீடுகளில் இருக்கின்றன.

நான் வேலை பார்ப்பது ஆர்.எஸ்.புரத்தில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கம்பெனி. காகித வரைபடங்களைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. வெள்ளம் வந்தால் எந்த ஊர் மூழ்கும், மக்கள் எங்கே ஒதுங்கலாம் என்று காட்டும் வரைபடத்தை அரசாங்கத்துக்காக இந்தக் கம்பெனிதான் ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறது. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து எது வீடு, எது தோப்பு என்று முடிவு செய்வது இன்ஜினியர்கள்.

இந்த வருடம், 1998 மே கடைசியில், சரசு என்ற பெண் எங்கள் கம்பெனிக்கு வந்தார். நடுத்திட்டுக்காரர். வெள்ளத்துக்கு ஒதுங்க ஒரு மாடிக் கட்டிடம் கேட்டு அரசாங்கத்துக்கு அவர்கள் கொடுத்த மனு, 'வரைபடப்படி ஏற்கெனவே உள்ளது' என்று திரும்பி வந்திருந்தது. அவர் கணவர் பழனிச்சாமி தென்னையிலிருந்து விழுந்தவர், இடுப்புக்குக் கீழே அசைவில்லை. போன வருடம் கழுத்தளவு தண்ணீரில் ஆறு பேர் அவரைக் கட்டிலோடு தூக்கிக் கரை சேர்த்தார்களாம். இரண்டு தடவை கட்டில் சாய்ந்ததாம்.

திரையில் திட்டைப் பெரிதாக்கிக் காட்டினேன். நடுவில் நான்கு வெள்ளைப் புள்ளிகள். மேலே, 'கான்கிரீட் கட்டிடம், வெள்ளப் புகலிடம்' என்று எழுத்து.

சரசு உற்றுப் பார்த்தார். "ஏனுங்க, இந்தக் கட்டடத்துக்குக் கதவு எந்தப் பக்கமுங்க?"

அறையில் யாருக்கும் தெரியவில்லை. வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டு அடுத்த செவ்வாய்க்கிழமை கிளம்பினேன்.

செவ்வாயில் போகாதீர்கள். பொள்ளாச்சியில் மாட்டுச் சந்தை. உக்கடத்தில் காலை ஆறரைக்கு ஏறினேன், எட்டு ரூபாய் டிக்கெட். நாற்பது கிலோமீட்டருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். மாடு ஏற்றிய லாரிகளுக்குப் பின்னாலேயே ஊர்ந்தோம். கிணத்துக்கடவு தாண்டியதும் தெற்கே மலை தெரியவில்லை, மேகம்தான் தெரிந்தது. பருவமழை வந்துவிட்டதா என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் மூன்று தடவை கேட்டிருப்பேன். "வந்தாச் சொல்லியனுப்புவாங்க, சும்மா உக்காருங்க" என்றார்.

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலைக்குப் பதினான்கு கிலோமீட்டர், மூன்று ரூபாய். அங்கிருந்து ஆற்றோரம் வரை ஆட்டோ, முப்பது ரூபாய்.

"கொப்பரை யாவாரமுங்களா?" என்று கேட்டார் ஆட்டோக்காரர்.

"இல்லைங்க. மேப் சரியா இருக்கான்னு பார்க்கணும்."

"நடுத்திட்டுக்கு எதுக்குங்க மேப்பு? ஒரே தடந்தானுங்க. தண்ணி வந்தா அதுவுமில்லீங்க."

வறண்ட கிளையில் மணல் ஈரமாக இருந்தது. கால் வைத்த இடத்தில் தண்ணீர் ஊறியது. மேலே ஆற்றில் இருக்கும் அணையைத் திறந்தால் தண்ணீர் இங்கே எத்தனை நேரத்தில் வரும் என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் வந்தது முட்டாள்தனம். எழுபதடி அகல மணலை ஓடியே கடந்தேன்.

சரசு கூட்டிப் போனார். தோப்புக்கு நடுவே வெட்டவெளி. சிமெண்ட் பூசிய கொப்பரைக் களம். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம். சுவர் இல்லை, கூரை இல்லை. எங்கள் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் சுமார் ஆறு மீட்டர், அதாவது இருபதடிச் சதுரம். அடி வைத்து அளந்தேன்: நாற்பதடிக்கு நாற்பதடி. சரியாக நான்கு புள்ளி. மேகம் மறைக்காத பிப்ரவரியில் எடுத்த படம். அப்போது வெயிலில் இந்தச் சிமெண்ட் பளபளத்திருக்கும்.

ஏறப் போனேன். சரசு தடுத்தார். "செருப்பக் கழட்டிப்போட்டு ஏறுங்க. தோட்டத்துக்காரரு பாத்தா நாங்கதானுங்க பேச்சு வாங்கோணும்."

அரசாங்க வரைபடத்தில் இவர்களுடைய புகலிடம் இதுதான். செருப்போடு ஏறக்கூட அனுமதி இல்லை.

சுற்றிலும் தென்னைகளில் போன வருட வெள்ளத்தின் சேற்றுக் கோடு அப்படியே இருந்தது. களத்தின் மேல் நின்றேன். கோடு என் நெஞ்சுக்கு வந்தது.

பழனிச்சாமி வீட்டு வாசலில் கட்டிலில் படுத்திருந்தார். வரைபடத்தை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "கட்டடம் நல்லாத்தானுங்க இருக்குது. காத்துக்குக் கொறைவில்ல. சேட்டிலைட்டு மேல இருந்து பாக்குதுங்கறீங்க, கூரையில்லாதது அதுக்குத் தெரியலீங்களா?"

"வாய மூடுங்க" என்றார் சரசு. "தண்ணி வந்தா இந்த வாய்தான் மொதல்ல கத்தும்."

பழனிச்சாமி சிரிப்பை நிறுத்திவிட்டார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "போன தடவ தூக்குன ஆறு பேருல ரெண்டு பேரு திருப்பூரு பனியன் கம்பெனிக்குப் போயிட்டாங்க தம்பி."

இரவல் கேமராவில் களத்தையும் சேற்றுக் கோட்டையும் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். புதன்கிழமை காலை படங்களை அந்த வரைபடம் போட்ட இன்ஜினியர் மேசையில் வைத்தேன். மரியாதையான மனிதர். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

"தப்புதான். ஆனா நேர்ல போய்ப் பார்த்துத் திருத்தறது நம்ம ஒப்பந்தத்துல இல்ல. அடுத்த செயற்கைக்கோள் படம் வந்தா மாத்திடலாம்."

"எப்ப வரும்?"

"மேகம் கலையணுமே."

மேகம் கலைவது மழைக்காலம் முடிந்த பிறகு. அதாவது, வெள்ளம் வந்து போன பிறகு வரைபடம் சரியாகும்.

இதே போல உங்கள் ஊருக்கும் வரைபடம் வந்திருக்கும். போய்ச் சரிபார்க்க நினைப்பவர்கள் மழைக்கு முன்னால் போய்விடுங்கள். திரும்பி வர ஒரே வழிதான் என்றால் அணை நிலவரம் கேட்காமல் ஆற்றில் இறங்காதீர்கள். படம் எந்த மாதத்தில் எடுத்தது என்று முதலில் பாருங்கள். எனக்கு ஒரு நாளும், போக வர வண்டிச் செலவு எண்பது ரூபாய்க்கு மேல் கொஞ்சமும் ஆனது. வரைபடம் போட்டவர்களால் அதைச் செலவழிக்க முடியவில்லை.

இதை எழுதும்போது ஆர்.எஸ்.புரத்தில் தூறல் தொடங்கிவிட்டது. இன்று மாலை மறுபடி இன்ஜினியரிடம் போனேன். வரைபடத்தைத் திறக்கச் சொன்னேன். திறந்தார். நான்கு புள்ளிகள், மேலே அதே எழுத்து.

"அழிக்க வேண்டாம் சார். பழனிச்சாமியை எந்தக் கதவு வழியா உள்ளே தூக்கிட்டுப் போகணும்? அதை மட்டும் காட்டுங்க."

அவர் அந்த நான்கு புள்ளிகளைத் திரை முழுக்கப் பெரிதாக்கினார்.