பிரேக் ஆறும் வரை

கோட்டையூர் ஜெகபர் சாதிக், ஆத்தங்குடித் தரைக்கற்களை லாரியில் ஏற்றிக்கொண்டு குமுளி வழியாகக் கேரளத்துக்குப் போகிறவர். கல்யாணமான நாளிலிருந்து அவர் வீட்டில் இருந்த நேரமெல்லாம் பெரும்பாலும் தூங்கிய நேரம்தான். மகள் ஃபாயிஸா கல்லூரி விடுதிக்குப் போன பிறகு ஒருநாள், "இந்த நடைக்கு நானும் வாரேன்" என்றாள் மனைவி பல்கீஸ். அவள் அதுவரை பார்த்த மலை குன்றக்குடிக் குன்று ஒன்றுதான்.

குட்டிக்கானத்தில் சாதிக் வண்டியை நிறுத்தி, சக்கரங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். அங்கிருந்து முண்டக்கயம் வரை ஒரே இறக்கம். இரண்டாவது கியரைப் போட்டார்.

"ஏன் இம்புட்டு மெதுவா போறீக? நடந்தே போயிரலாம் போல."

"இதுக்கு மேல விட்டா எஞ்சின் இழுத்துப் பிடிக்காது. வண்டி நம்ம பேச்சைக் கேக்காது."

மேகம் சாலையின் குறுக்கே நிதானமாகக் கடந்தது. மரங்கள் வந்தன, பாதியில் கரைந்தன. பல்கீஸ் கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டினாள். விரல்கள் நனைந்தன.

முன்னால் ஒரு பஸ் வளைவுக்கு வளைவு நின்றது. சாதிக் பிரேக்கை மிதித்து மிதித்து இறக்கினார். ஒரு வளைவில் பிரேக் வழக்கமான இடத்தில் பிடிக்கவில்லை. கருகிய வாடை வந்தது. அவர் எதுவும் சொல்லவில்லை. காலை எடுத்துவிட்டு, எஞ்சினை நம்பி, பஸ்ஸை விலகிப் போகவிட்டார். வண்டி முனகிக்கொண்டே ஊர்ந்தது. அருவி விழும் இடத்தில் சாலை அகன்றிருந்தது. மலைப் பக்கமாக ஒதுக்கி, கடைசியாக ஒரு மிதி மிதித்து நிறுத்தினார். இறங்கிச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார்.

பல்கீஸ் கேனில் அருவித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஊத்தாத! சூட்டுல தண்ணி பட்டா பிரேக் டிரம் கீறல் விட்டுரும். அதுவா ஆறணும்."

"எம்புட்டு நேரமாகும்?"

"ஆறுறப்ப ஆறட்டும்."

பாறை மேல் உட்கார்ந்து புளிச்சோற்றைப் பிரித்தார்கள். அருவி எங்கிருந்து விழுகிறது என்று தெரியவில்லை. மேகத்திலிருந்தே கொட்டுவது போலிருந்தது. போகிற வண்டிகளின் சத்தம் மட்டும் வந்து, தேய்ந்து, இல்லாமல் போனது.

"பயந்துட்டியா?"

"நீங்க பேசாம இருந்தீகள்ல, அப்பத்தான் பயமா இருந்துச்சு." சோற்றை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, "ஃபாயிஸா கண்ணாடிய மாத்தணுங்கிறா" என்றாள்.

"கண்ணாடி போட்டுருக்காளா?"

"பெருநாளைக்கு வந்தப்ப மூஞ்சியில போட்டுக்கிட்டுத்தானே உங்களுக்குச் சோறு வச்சா?"

சாதிக் யோசித்துப் பார்த்தார். மகளின் கை நினைவுக்கு வந்தது, முகம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. "வேற என்ன?" என்று கேட்டார். அவள் சொல்லத் தொடங்கினாள். மகளின் தோழிகள், ஒழுகும் அடுப்படி, தான் தையல் கற்றுக்கொண்டது. பேச்சு எங்கெங்கோ போனது. அவருக்குத் தூக்கம் வரவேயில்லை.

பொழுது சாய்ந்தபோது டிரம் ஆறியிருந்தது. கட்டைகளை எடுத்துவிட்டு, அந்த அகன்ற இடத்திலேயே மெதுவாக உருட்டி, பிரேக் பிடிக்கிறதா என்று மிதித்துப் பார்த்தார். பிடித்தது. மறுபடியும் இரண்டாவது கியரில் இறங்கினார்கள். கொஞ்ச தூரத்திலேயே பல்கீஸ் தூங்கிப்போனாள்.

முண்டக்கயத்துக்கு முன்பே இறக்கம் முடிந்து சாலை சமனானது. மூன்றாவதுக்கு மாற்றியிருக்கலாம். கியர் மாறினால் வண்டி குலுங்கும், அவள் விழித்துக்கொள்வாள். பின்னாலிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள். சாதிக் கையை வெளியே நீட்டி, முந்திப் போகச் சொன்னார்.