முப்பது கல் தூரம்

கண் பரிசோதனைப் படிப்பு நாலு வருஷம் என்று சொன்னால் எங்கள் தெருவில் யாரும் நம்ப மாட்டார்கள். கண்ணாடிக் கடையில் நிற்பதற்கு எதற்கு நாலு வருஷம் என்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. டாக்டர் ஆபரேஷன் செய்வார், அதற்கு முன்னும் பின்னும் கண்ணைச் சோதித்துப் பவர் குறித்துக் கொடுப்பது எங்கள் வேலை என்று ஆரம்பத்தில் பொறுமையாக விளக்குவேன். பிறகு பொறுமை போய்விட்டது. “ஆமாம், கண்ணாடி துடைக்கக் கற்றுக்கொள்ளவே ஒரு வருஷம் ஆகும்” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன்.

முதல் வருஷம் எப்படியோ ஓடிவிட்டது. இரண்டாம் வருஷத்துக்குப் பணம் கட்ட வேண்டிய நேரத்தில் அப்பா படுத்துவிட்டார். அவர் வீட்டுத் தரைகளுக்கு ஆத்தங்குடிப் பூக்கல் பதிக்கிறவர். நாள் முழுக்க முழங்காலில் நிற்கிற வேலை. அந்த முழங்காலே மக்கர் பண்ணி, ஆறு மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் கல்லூரியில் பெயரை எடுத்துவிடுவார்கள். காரைக்குடியில் ஒரு கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை சொல்லி வைத்தாகிவிட்டது. தெருவின் வாக்கு பலித்துவிடும் போலிருந்தது.

அப்போதுதான் கொத்தமங்கலத்தில் ஒரு பெரிய வீட்டு அறக்கட்டளை உதவித்தொகை கொடுக்கிறது என்று தெரிந்தது. அதுவரை டாக்டர் படிப்புக்கும் இன்ஜினியரிங்குக்கும்தான் கொடுத்து வந்தார்கள். அந்த வருஷம் கண் சம்பந்தப்பட்ட படிப்புக்கும் கொடுக்கலாம் என்று வீட்டு ஆச்சி சொல்லியிருந்தார். அவருக்கு முந்தின வருஷம்தான் கண்புரை ஆபரேஷன் நடந்திருந்தது.

அப்பாவும் நானும் பஸ் ஏறிப் போனோம். நடுமுற்றத்தைச் சுற்றிய வளவுத் தாழ்வாரத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்: ஆச்சி, அவருடைய அண்ணன், கணக்கு வழக்குப் பார்க்கும் ஆடிட்டர். அப்பாவை உட்காரச் சொன்னார்கள். அவர் கேட்காமல் தூணோரமாகப் போய் நின்றுகொண்டார். ஆடிட்டர் என் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, நான் பயந்தபடியே அந்தக் கேள்வியைக் கேட்டார். கண்ணாடி மாட்டிவிடுவதற்கு நாலு வருஷமா?

கண்ணாடி துடைக்கிற அந்தப் பழைய பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்பாவின் முகத்தைப் பார்த்து விழுங்கினேன். ஆச்சிதான் காப்பாற்றினார். “வாயால சொன்னா யாருக்குப் புரியுது? செஞ்சு காட்டு ஆத்தா, பாப்போம்.”

லீவில் பழகுவதற்காக எழுத்து அட்டையை எங்கே போனாலும் பையில் சுருட்டி வைத்திருப்பேன். மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்ன எழுத்து. இருபது அடி தள்ளி உட்கார்ந்து கடைசி வரிவரை படித்தால் பார்வை சரி. எங்கள் வீட்டில் இருபது அடிக்குக் கணக்கு எனக்கு அத்துப்படி. அப்பா வேலை செய்த இடங்களில் மிஞ்சிய கற்களைக் கொண்டுவந்து பதித்த தரை அது, ஒரு கல்லின் பூ இன்னொரு கல்லில் இருக்காது, ஆனால் எல்லாம் எட்டு அங்குலம். அடுப்படிச் சுவரில் அட்டையை மாட்டி முப்பது கல் எண்ணினால் தெருக்கதவு. அக்கம்பக்கத்தில் பாதிப் பேரின் கண்ணை அப்படித்தான் பார்த்திருந்தேன்.

வளவின் ஒரு கோடியில் அட்டையை மாட்டினேன். முப்பது கல் எண்ணி நாற்காலியைப் போட்டேன். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லி ஒவ்வொருவராகப் படிக்க வைத்தேன். மூன்று பேரும் கடகடவென்று வந்து, கடைசி வரியில் நின்றுவிட்டார்கள். மூன்று பேருக்கும் தூரப் பார்வை கொஞ்சம் குறைவு என்று நான் கொஞ்சம் மிடுக்காகவே அறிவித்தேன்.

வீடு இரண்டுபட்டது. ஆச்சிக்கு, ஆபரேஷன் செய்த டாக்டர் பொய் சொல்லிவிட்டாரோ என்று கவலை. அண்ணனுக்கு அவமானம், வருகிற பஸ்ஸின் போர்டை ஊரிலேயே முதலில் படிக்கிறவர் தான்தான் என்று அவருக்கு ஒரு பெருமை இருந்தது. ஆடிட்டர்தான் கொதித்துப்போனார். போன மாதம்தான் மதுரையில் பெரிய கடையில் புதுக் கண்ணாடி போட்டிருந்தாராம். அங்கேயே போனைப் போட்டு, கடைக்காரரைக் காய்ச்சி எடுக்க ஆரம்பித்தார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாலு வருஷம் எதற்கு என்று கேட்டவர், ஒரே வருஷப் படிப்புக்கு இப்படி ஆடிப்போய்விட்டாரே. தலை குனிந்து சிரிப்பை அடக்கினேன். அப்போதுதான் என் கால் கண்ணில் பட்டது.

செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு நின்றிருந்தேன். எங்கள் வீட்டில் ஒரு கல்லில் கால் வைத்தால் விரல்கள் அடுத்த கல்லில் கிடக்கும். இங்கே என் பாதம் முழுக்க ஒரே கல்லுக்குள் இருந்தது, சுற்றிலும் இடம் வேறு. இது பத்து அங்குலக் கல். நான் அவர்களை உட்கார வைத்தது இருபது அடியில் இல்லை, இருபத்தைந்து அடியில்.

பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், இப்போது அதை மறைப்பானேன். யாருக்கும் தெரியப்போவதில்லை. படிப்பு மிஞ்சும். ஆனால் போனுக்கு அந்தப் பக்கம், ஒரு தப்பும் செய்யாத யாரோ ஒருவர் நான் படிக்கிற அதே வேலையைச் சரியாகச் செய்ததற்காகத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

“ஐயா, போனை வச்சிருங்க. அவுக மேல தப்பில்லை. நான்தான் தூரத்தைத் தப்பா அளந்துட்டேன்.”

கல் கணக்கைச் சொன்னேன். நாற்காலியை ஆறு கல் முன்னால் இழுத்தேன். ஆச்சி கடைசி வரியைப் படித்தார். அண்ணன் படித்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார். ஆடிட்டர் இன்னும் போனை வைக்கவில்லை. கடைசி வரியின் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கடைக்காரருக்கே படித்துக் காட்டினார். அந்த மனிதர் என்ன நினைத்தாரோ. முடிவைக் கடிதத்தில் தெரிவிப்பதாக ஆடிட்டர் சொன்னார். அந்தக் குரலே போதும் எனக்கு, கண்ணாடிக் கடைதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் அப்பா முழங்காலை நீவிக்கொண்டு வந்தார். பிறகு மெதுவாக, “அது பத்தங்குலக் கல்லுன்னு எனக்கு உள்ள நுழையும்போதே தெரியும்” என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. தெரிந்தும் தூணைக் கட்டிக்கொண்டு நின்றீர்களா என்று கத்திவிட்டேன். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

“நீ முப்பது எண்ணும்போதே பதறுச்சு ஆத்தா. சொன்னா உன்னை அனுப்பிருவாகன்னு வாயை மூடிக்கிட்டேன். நீ சொல்லலைன்னா நானும் சொல்லியிருக்க மாட்டேன். அதை நெனச்சாத்தான் எனக்கு வெக்கமா இருக்கு.”

என் கோபம் போன இடம் தெரியவில்லை. முப்பது வருஷமாகக் கல் பதிக்கிறவர், ஒரு நூல் அளவு பிசகினாலும் பெயர்த்தெடுத்துத் திரும்பப் பதிக்கிறவர், எனக்காகத் தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தப்பான அளவைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஊர் வரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

பத்து நாளில் கடிதம் வந்தது. படிப்பு முடியும்வரை மூன்று வருஷத்துக்கும் பணம் கட்டுகிறார்களாம். தட்டச்சு செய்த கடிதத்தின் அடியில் ஆடிட்டரின் கையெழுத்தில் ஒரு வரி: “உடனடியாக ஓர் அளவு டேப் வாங்கிக்கொள்ளவும். ரசீது அனுப்பவும்.” வாங்கினேன், ரசீதும் அனுப்பினேன்.

இப்போது காரைக்குடியில் ஒரு கண் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றுவட்டாரத்தில் முகாம் போட்டால் அப்பாவும் வந்துவிடுவார். டேப்பின் ஒரு நுனியை நான் அட்டையோரம் பிடித்துக்கொள்ள, மறு நுனியோடு அவர் முழங்காலைப் பிடித்தபடி மெல்லக் குனிவார். ஒரு விரற்கடை பிசகினாலும் போதும், டாக்டர் நிற்கிறாரா, ஊராட்சித் தலைவர் நிற்கிறாரா என்று பார்க்க மாட்டார். “தப்பா இருக்கு ஆத்தா” என்று முகாமுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிடுவார்.